சாட்சி வைத்து வயர் பொருத்திய பத்தர்

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவர் கை ஓடாது. ஏலாமல் இல்லை, அவர் ஓடவிடமாட்டார். இடுக்கிக் குறட்டை ஒரு பக்கம் வைத்து, ஊதுகுழலை ஒரு பக்கம் வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் போட்டுக்கொண்டு வேலியைப் பார்த்தபடி இருப்பார். வீட்டு ஆள் யாராவது வந்து எதிரில் குந்தினால்தான் கரிச்சட்டியை ஊதுவார். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. பத்தர் என்றே போகட்டும். நகை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

நகைப் பத்தருக்கும் காருக்கும் என்ன என்று கேட்பீர்கள். அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். கொழும்பிலிருந்து கார்ச் சாமான் ஒன்றும் வராது. எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை அச்சுவேலிச் சந்தையடியில் நிறுத்தி வாடகைக்கு ஓடுவார். பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அதனால் கார் ஓடுகிற நாளைவிடக் கொட்டிலுக்குள் படுத்துக் கிடக்கிற நாள் கூட. அப்படிக் கிடந்தபோது எலி வயரைக் கடித்துவிட்டது. அந்தக் காலத்து வயருக்கு மேலே நூல் பின்னியிருக்கும்; எலிக்கு அது கூடு கட்ட நல்ல சாமான். இவர் அறுந்த நுனிகளைச் சேர்த்து முறுக்கி, மேலே துணி சுற்றிக்கொண்டு போனார். வல்லைவெளியில் முறுக்கு நெகிழ்ந்து கார் நின்றது. அவ்வழியால் வந்த வண்டில் மாட்டை அவிழ்த்துக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

"பொன்னை ஒட்டுறவன் செம்பை ஒட்டமாட்டானோ? பத்தனைக் கூப்பிடு" என்று சொன்னது என் மாமி, இவருடைய தாய்.

பத்தர் நீர்வேலிப் பக்கம் இருந்தவர். எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்குத் தாலிக்குப் பொன்னுருக்க வருவது அவர்தான். என் மூத்த மகளின் தாலியும் காப்பும் அவருடைய கைவேலை. வந்து கார் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணுக்குக் கண்ணாடி, அதை நூலால் காதில் கட்டியிருப்பார். மார்பில் பூணூல், அதற்குக் கீழே எலும்பு. சிறு வயதிலிருந்து ஊதுகுழலை ஊதி ஊதி நெஞ்சில் தொய்வு. மூச்சு விடும்போது பழைய கதவு திறக்கிற சத்தம் கேட்கும். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. பிறகு பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதிலை இரும்."

"இது செம்புதானே பத்தர், இதை ஆர் எடுக்கப்போறான்? நீங்கள் செய்யுங்கோ. எனக்கு அடுப்பிலை உலை கொதிக்குது."

"உலையை இறக்கி வைச்சிட்டு வாரும். செம்பெண்டாலும் உங்கடை செம்பு."

"ஒரு வயர்த் துண்டுக்கு இவ்வளவு சடங்கோ?"

"பொன்னெண்டால் கண்வெட்டாமல் இருப்பியள். செம்பெண்டால் எழும்பிப் போவியள். அப்ப நீங்கள் இவ்வளவு நாளும் பாத்தது பொன்னையோ, என்னையோ?"

போய் உலையை இறக்கினேன்.

பொன் கொடுத்தால் பக்கத்தில் ஆள் இருப்பது எங்கள் வழக்கம். உருக்குகிறபோதும் அடிக்கிறபோதும் அராவுகிறபோதும் கண்ணை எடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் பெரியவர்கள் அனுப்புவார்கள். அராவிய தூள் பாயில் விழும், நகத்துக்குள் போகும், எரிந்த கரிக்குள் போகும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம், பத்தர் அது தெரியாதவர்போல வேலை செய்வார். ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. அந்தப் பார்வைக்குள் எவ்வளவு அவநம்பிக்கை கிடந்தது என்று நான் யோசித்தவள் இல்லை, செம்புக் கம்பிக்கு முன்னால் குந்துகிற வரைக்கும்.

முதல் நாள் வேலை பிழைத்துவிட்டது. அவர் நகைக்குச் செய்கிறதுபோலவே வெண்காரம் தடவி, ஊதுகுழலால் நெருப்பை ஊதினார். வயரின் நூல் பற்றிக்கொண்டது. குசினிக்குள்ளிருந்து மாமி எட்டிப் பார்த்தார்.

"எடி பிள்ளை, பத்தன் காருக்குக் கொள்ளி வைக்கிறானோ?"

பத்தர் இரண்டு கையாலும் அடித்து அணைத்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. கருகிய துண்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு உந்தச் சூடு ஆகாது" என்று சொல்லி எழும்பிப் போனார். பிறகு ஒருநாள் தானாகவே வந்தார். இரும்புக் கம்பி நுனியில் ஒரு செப்புக் கட்டி, கொஞ்ச ஈயம், ஒரு பொட்டலம் குங்கிலியம்.

அதற்குப் பிறகு அவர் பொருத்தியதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முதலில் நூலை உரித்துப் பின்னால் தள்ளுவார். உள்ளே இருக்கிற செம்பு இழைகளைக் கத்தி முதுகால் பளபளவென்று வரும்வரை சுரண்டுவார். இரண்டு நுனியையும் விரல் விரிக்கிறதுபோல விரித்து, ஒன்றுக்குள் ஒன்றை விட்டு, இந்தப் பக்கத்து இழையை அந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்து இழையை இந்தப் பக்கத்திலும் சுற்றுவார். பிறகு இழுத்துப் பார்ப்பார். ஈயம் வைக்க முன்னமே அது நிற்க வேண்டும். ஈயத்தை நம்பிச் சுற்றினால் கார் குலுங்குகிற குலுக்கத்தில் விட்டுவிடும் என்பார். செப்புக் கட்டியைக் கரியில் காய்ச்சி, வயருக்குக் கீழே பிடித்து, குங்கிலியத்தைத் தொட்டு, மேலே ஈயத்தை வைத்தால் அது தண்ணீர் மாதிரி இழைக்குள்ளே இறங்கும். கொட்டில் முழுக்கக் கோயில் வாசம். கடைசியில் மெழுகில் தோய்த்த துணிநாடாவைச் சுற்றுவார். அடுத்தடுத்த வயர் இரண்டையும் ஒரே இடத்தில் பொருத்தமாட்டார். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. சுற்று அவிழ்ந்தாலும் ஒன்றோடு ஒன்று முட்டாது.

வேலை முடிந்ததும் வெட்டி எறிந்த துண்டுகள், சுரண்டிய தூள், எல்லாவற்றையும் ஒரு சிரட்டையில் கூட்டி அள்ளி என் கையில் தருவார்.

"இதை என்ன செய்யிறது பத்தர்?"

"எறியும். நீர் எறியவேணும். நான் எறியக்கூடாது."

அவருடைய இந்தக் குணத்தை ஊர் பகிடியாக்கிவிட்டது. எங்கள் கொட்டிலடியில் இருந்து வெற்றிலை போடுகிறபோது ஒருவர் கேட்டார்: "என்ன பத்தர், வெத்திலை போடவும் பக்கத்திலை ஆள் வேணுமோ?"

"சுண்ணாம்பு உங்கடையெண்டால் வேணும்" என்றார். சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் எனக்கு ஏலாமல் இருந்தபடியால் என் வீட்டுக்காரரின் சின்னையாவை, தகப்பனின் தம்பியை, இருத்திவிட்டுப் படுத்துவிட்டேன். எழும்பி வந்து பார்த்தால் சின்னையா தூணில் சாய்ந்து குறட்டை. பத்தர் கையை முழங்காலில் போட்டபடி. கரி ஆறிச் சாம்பல் பூத்திருந்தது.

"எழுப்பியிருக்கலாமே?"

"வயது போன மனிசன். நித்திரையை ஏன் கெடுப்பான்."

"அப்ப வேலை?"

"அவர் எழும்பட்டும் எண்டு இருந்தனான்."

கோபமும் வந்தது, களைப்பும் வந்தது. உங்களுக்குச் சொன்னால் விளங்குமோ தெரியாது. வேலை செய்வதைவிட வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பு. முதுகு உளையும், ஈ, இலையான் மொய்க்கும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று மனம் அடிக்கும். எலியும் விடவில்லை. ஒன்றைப் பொருத்தினால் வேறொன்றைக் கடிக்கும். அந்த வருடங்களில் அரிசி இல்லை, துணி இல்லை, எல்லாவற்றுக்கும் வரிசை. அதற்கு மேல் இந்தக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து ஒரு கிழவனின் விரலைப் பார்ப்பதும் எனக்கு ஒரு வேலையாகிப் போயிற்று. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன் பத்தர், உங்களுக்கு ஏன் உந்தப் பிடிவாதம்?"

வயரைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "என்ரை அப்பு ஒருநாள் பக்கத்திலை ஆளில்லாமல் ஒரு மூக்குத்தி செய்தவர்."

அடுத்த நுனியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மூத்தவள் முதற்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்குக் கொழும்பில் உத்தியோகம். காலையில் சந்தையடியில் நின்ற காரை, இவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், யாரோ மூடியைத் தூக்கி வயர்க் கட்டை ஒரேயடியாக அறுத்துவிட்டார்கள். வாடகைக்குப் போட்டி, யார் என்று கடைசிவரை தெரியாது. நாலைந்து பேராகத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிலில் விட்டார்கள். இவர் பத்தருக்கு ஆள் அனுப்பினார். மத்தியானம் திரும்பியதும் மூத்தவளுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. என்னாலை ஏலாது அம்மா. பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வண்டிலிலை போனால் தாங்காது."

இவர் வேறு கார் கிடைக்குமோ என்று சைக்கிளில் பறந்தார். போகும்போது, அதற்குள் வந்து பெட்டியை இறக்கியிருந்த பத்தரிடம், "எஞ்சின் ஓடினால் காணும் பத்தர். லைற்றும் ஹோர்னும் பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அயலில் ஆண் பெண் எல்லோரும் தோட்டத்துக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கப் போயிருந்தார்கள். அறைக்குள் நானும் மாமியும் மருத்துவிச்சியும். மூத்தவளின் கை வீங்கத் தொடங்கியது என்று மாமி காப்பைக் கழற்றினார். கிழித்த பழஞ்சேலைத் துணிகள் யன்னலடியில் விளிம்பு வரைக்கும் குவிந்து கிடந்தன.

கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டிலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பத்தர், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்ற நேரத்திலேயே, அறுந்த நுனிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, சாயத்தையும் வெட்டு வாயையும் பார்த்து இன்னதுக்கு இன்னது என்று நூலால் கட்டி, சுரண்டி முடித்திருந்தார். கரி பழுத்திருந்தது. கை முழங்காலில்.

"பாக்குவெட்டியாலை வெட்டியிருக்கு" என்றார். "இரும் பிள்ளை. துவங்குவம்."

"பத்தர், என்ரை பிள்ளை உள்ளுக்கை சாகப்போகுது. இருக்க ஆள் இல்லை. நீங்கள் செய்யுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அறைக்குள்ளிருந்து மூத்தவள் கத்துகிற சத்தம் கேட்டது. அவருடைய விரல்கள் முழங்காலில் ஒருமுறை மடங்கி விரிந்தன. கொட்டிலைப் பார்த்தபடி அறை யன்னல் ஒன்று இருந்தது; சாத்தியிருந்தது.

"அப்ப உந்த யன்னலையெண்டாலும் திறந்துவிடும். உள்ளுக்கை நிக்கிற ஆராவது பாக்கட்டும்."

போய்த் திறந்துவிட்டேன். அதன் வழியாக ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கு நேரம்?

இவர் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது எஞ்சின் வயர் பொருத்தி முடிந்திருந்தது; முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றச் சொன்னார் பத்தர். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. மூத்தவளைத் தூக்கிக் கிடத்தினோம். நானும் மாமியும் ஏறினோம். மருத்துவிச்சி அறையை ஒதுக்கி யன்னலைச் சாத்தி, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டு ஓடி வந்து தந்தாள். பத்தர் தன்னுடைய பெட்டியோடு எங்களுக்கு முன்னமே வேலிப் படலைக்கு வெளியே போய் நின்றார். பொழுதுபட முன் பிள்ளை பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. தாயும் தப்பினாள். காருக்கு லைற் இல்லாதபடியால் பட்டணத்திலேயே இருந்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஆசுப்பத்திரியில் விட்டு விடியத்தான் திரும்பினோம்.

வந்தபோது படலைக்கு வெளியே பத்தர் குந்திக்கொண்டிருந்தார். லைற் வயரை முடித்துத்தர வந்தவர், வீட்டில் ஆளில்லை என்று உள்ளே காலடி வைக்கவில்லை. சங்கதி கேட்க அயலட்டைச் சனமும் வந்து கூடிவிட்டது. பிள்ளை யாரைப்போல என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்த நேரம் மாமி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"காப்பைக் காணேல்லை."

தேடினோம். பாயை உதறி, பெட்டியைக் கவிழ்த்து, கட்டிலுக்குக் கீழே விளக்கைப் பிடித்து. இல்லை.

"யன்னல் விளிம்பிலைதான் வைச்சனான், என்ரை கையாலை" என்றார் மாமி. "அந்த யன்னல் சாத்தியெல்லோ இருந்தது. நேத்து நாங்கள் பிள்ளையோடை நிக்கேக்கை அதை ஆர் திறந்தது?"

"நான்தான் மாமி."

"ஏன் திறந்தனீ?"

"பத்தர் கேட்டவர்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், எல்லாருடைய கண்ணும் கொட்டில் பக்கம் போயிற்று. பத்தர் காருக்குப் பக்கத்தில் நின்றார். நான் யோசிக்கவில்லை. உரத்துச் சொன்னேன்.

"நான் பக்கத்திலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஊதத் துவங்கினதிலையிருந்து முடியுமட்டும் நிண்டனான்."

அதைச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. என் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்த கை அது. ஆனால் பத்தர் தலையை ஆட்டினார்.

"இல்லை. இந்தப் பிள்ளை நிக்கேல்லை. ஒருத்தரும் நிக்கேல்லை. நான் தனியத்தான் இருந்தனான்."

அவர் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்தார். குறடு, அரம், சின்னச் சுத்தியல், குங்கிலியப் பொட்டலம். சால்வையை உதறினார். வேட்டி மடியை அவிழ்த்துக் காட்டினார்.

"வீட்டை கொண்டுபோய் வைச்சிட்டு வந்து பெட்டியைக் கொட்டினால் ஆர் நம்புறது?" என்றார் மாமி. சத்தம் போடாமல், ஆறுதலாக.

பத்தர் எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "லைற் வயர் கிடக்கு. முடிச்சிட்டுப் போறன். ஆராவது இருங்கோ" என்றார்.

அன்றைக்குப் பார்க்க ஆளுக்குக் குறைவிருக்கவில்லை. முற்றத்துச் சனம் முழுக்கக் கொட்டிலைச் சுற்றி நின்று அவருடைய விரலையே பார்த்தது. ஒவ்வொரு நுனியாகச் சுரண்டி, விரித்து, சுற்றி, இழுத்துப் பார்த்து, ஈயம் வைத்தார். சிரட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. ஒருவரும் அவரைக் கள்ளன் என்று நேரே சொல்லவில்லை. பொன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வீட்டு வளவில் கலியாணம். பொன்னுருக்க அச்சுவேலியிலிருந்து வேறொரு பத்தர் வந்தார். என் வீட்டுக்காரர் நீர்வேலிப் பக்கம் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து, "பத்தர் வெறுஞ்சட்டிக்கு முன்னாலை இருக்கிறார்" என்று சொன்னார். மாமியிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நான் கள்ளன் எண்டு சொன்னனானோ? காப்பைக் காணேல்லை எண்டுதானே சொன்னனான்" என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது?

பிள்ளை பிறந்த தீட்டை நாங்கள் துடக்கு என்போம். அந்தத் துடக்குக் கழிவுக்கு முதல் நாள், மூத்தவளும் பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். துணி வெளுக்க எடுப்பவள் அடுத்த நாள் விடிய வருவாள் என்று அறை மூலையில் கிடந்த பனையோலைக் கடகத்தை இழுத்தேன். பிள்ளைப்பேற்றுத் துணி போட்ட கடகம் அது. துடக்குக் கழியும் நாள் நெருங்கும் வரைக்கும் அதில் ஒருவரும் கைவைப்பதில்லை. தேடினபோதும் அதை ஒருவரும் நினைக்கவில்லை, நினைத்திருந்தாலும் தொட்டிருக்கமாட்டோம். மேலே கிடந்த சேலைத் துண்டுகள் சிலவற்றைத் தூக்கினேன். ஒன்றின் மடிப்புக்குள் பாரமாக ஏதோ தட்டுப்பட்டது. காப்பு, சோடியாக. மருத்துவிச்சி அவசரத்தில் யன்னலடியில் கிடந்த துணியை ஒரே அள்ளாக அள்ளிப் போட்டிருக்கிறாள்; யன்னல் விளிம்பிலிருந்த காப்பும் கூட வந்திருக்கிறது. வீட்டில் அந்நேரம் பிள்ளையோடு மூத்தவள் நித்திரை, மாமி அயலில், வேறு ஒருவரும் இல்லை.

திரும்ப மடிப்புக்குள் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெய்யிலோடு நடந்தேன். துடக்கோடு மற்றவர் வீட்டுக்குள் போகக்கூடாது. பத்தரின் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அவர் எழும்பி வந்தார். இன்னும் மெலிந்துபோயிருந்தார்.

"பத்தர், காப்பு கிடைச்சிட்டுது. துணிக்கடகத்துக்கை கிடந்தது."

அவர் முகத்தில் ஒரு சந்தோசமும் வரவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"எடுக்கேக்கை ஆர் பக்கத்திலை நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் கண்டனான்."

"நீர் மட்டுமோ?"

"ஓம்."

"அப்ப அது கிடைக்கேல்லை பிள்ளை."

"என்ன சொல்லிறியள்? நான் பொய் சொல்லிறன் எண்டோ?"

"நான் சொல்லேல்லை. ஊரவை சொல்லுவினம். அண்டைக்கு எனக்காக ஒரு சொல்லுச் சொன்னனீர். அது பொய்யெண்டு நானே அத்தனை பேருக்கு முன்னாலையும் சொன்னனான். இண்டைக்கு நீர் போய்க் கடகத்துக்கை கிடந்தது எண்டால், பத்தன் கொண்டுவந்து குடுத்ததை இவ ஒளிக்கிறா எண்டுதான் கதை வரும்."

"அண்டைக்கு உங்கடை வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமே" என்று கேட்டேன்.

"நிண்டிருக்கலாம்" என்றார். திரும்பி உள்ளே போனார்.

வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். படலையைத் திறக்கிறபோது என்ன செய்வதென்று முடிவாகிவிட்டது. கடகத்தை இருந்த மூலைக்கே தள்ளிவிட்டேன். இவருக்கும் சொல்லவில்லை, மூத்தவளுக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் வீடு மெழுகித் தண்ணீர் தெளித்து முடிய, இனசனம் எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு முற்றத்தில் நின்ற அதே சனம். துணி எடுப்பவள் வந்து நின்றாள். நான் மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, எனக்கு நாரி நோகுது, குனிய ஏலாது. துணியை நீங்கள்தான் எண்ணிக் குடுக்கவேணும்."

மாமிக்குத் துணி எண்ணுவதில் என்மேல் ஒரு நாளும் நம்பிக்கை இல்லை. கடகத்தை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாக உதறி எண்ணத் தொடங்கினார். நான் தூரத்தில் தூணோடு நின்றேன். மூன்றாவதோ நாலாவதோ துணி, மெழுகின நிலத்தில் காப்பு இரண்டும் விழுந்து உருண்டன. ஒன்று போய்த் துணி எடுப்பவளின் காலடியில் நின்றது. அவள் பயந்து பின்னுக்குப் போனாள்.

மாமி குனிந்து எடுத்தார். எழும்ப அவருக்கு நேரம் பிடித்தது.

"யன்னல் விளிம்பிலை வைச்சதைத்தானே நான் சொன்னனான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அதைப் போய்ப் பத்தருக்குச் சொல்லுங்கோ மாமி."

"நான் போறதோ? பத்தன் வீட்டுப் படலைக்கோ?"

"எடுத்தது நீங்கள். நீங்கள் சொன்னால்தான் சரி. கார் நிக்குது."

மாமி மகனைப் பார்த்தார். இவர் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கார் போய் நிற்கப் பத்தரின் அயலட்டை எல்லாம் வேலிக்கு வந்துவிட்டது. பத்தர் பட்டறைக் கொட்டிலில் கரிச்சட்டிக்கு முன்னால் இருந்தார். எழும்பவில்லை. மாமி உள்ளே போய், காப்பு இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்க உரத்துச் சொன்னார். பிழை விட்டாலும் அந்த மனுசி தலை குனிந்து கதைக்கத் தெரியாதவர்.

"பத்தர், காப்பு எங்கடை வீட்டிலைதான் கிடந்தது. துணிக்கை. இண்டைக்கு இத்தனை பேருக்கு முன்னாலை என்ரை கையாலை எடுத்தனான். அதுக்கு முன்னம் ஒருத்தரும் கடகத்தைத் தொடேல்லை. முதல் கண்டது நான்தான்."

பத்தர் மாமியைப் பார்க்கவில்லை. மாமிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

இந்த மனிதன் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை அம்மா, பிள்ளை நேற்றே கண்டு வந்து எனக்குச் சொன்னவ என்று, அன்றைக்கு எங்கள் முற்றத்தில் சொன்னதுபோல, முன்பின் பார்க்காமல் சொல்லிவிடுவார். வேலிக்கு அப்பால் சனம் காது கொடுத்துக்கொண்டு நின்றது. அவருடைய வாய் ஒருமுறை திறந்தது. மூச்சுத்தான் வந்தது.

"நல்லது அம்மா" என்றார்.

அவ்வளவுதான். பிறகு அந்த மனிதன் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுத்து, ஊதுகுழலை வாயில் வைத்து, குனிந்து ஊதத் தொடங்கினார். சட்டியில் இருந்தது கறுத்த கரி. அதற்கு அவர் இன்னும் நெருப்பே வைக்கவில்லை.